உளுந்து இலையில் ஆர்.என்.ஏ. தெளித்தால் மஞ்சள் தேமல் போகுமா?

அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023 டிசம்பரில் புதுவகை பூச்சி மருந்து ஒன்றுக்குப் பதிவு கொடுத்தது. கடைப் பெயர் 'கலந்தா'. உள்ளே இருக்கும் மூலப்பொருளின் பெயர் லெட்ப்ரோனா. தயாரிப்பது கிரீன்லைட் பயோசயன்சஸ் என்ற நிறுவனம். உருளைக்கிழங்குச் செடியை மொட்டையடிக்கும் கொலராடோ வண்டுக்கான மருந்து இது. இதில் நாம் அறிந்த வகை நஞ்சு எதுவும் இல்லை. இருப்பது ஆர்.என்.ஏ., அதாவது எல்லா உயிர்களின் செல்லுக்குள்ளும் இருக்கிற ஒரு பொருள். இலையோடு சேர்த்து இதைத் தின்னும் வண்டின் உடம்பில் ஒரே ஒரு மரபணு வேலை செய்வதை நிறுத்திவிடும். சில நாட்களில் வண்டு தீனியை விட்டுச் செத்துப்போகும்.

கொலராடோ வண்டு இந்தியாவில் இல்லை. பிறகு காரைக்குடிப் பக்கத்து விவசாயிக்கு இந்தச் செய்தி எதற்கு? இரண்டு காரணங்கள் உண்டு. இதே வழியில் வைரஸ் நோயை அடக்கலாம் என்பதற்கான ஆரம்பகால ஆதாரங்களில் ஒன்று நம் மதுரையில், அதுவும் நம் உளுந்துச் செடியில் கிடைத்தது. இது முதல் காரணம். 'ஆர்.என்.ஏ.', 'நானோ', 'ஜீன்' என்று லேபிளில் அச்சடித்த டப்பாக்கள் உரக்கடை அலமாரிக்கு வந்து சேர நாள் ஆகாது என்பது இரண்டாவது. எது உண்மை, எது வியாபாரம் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

மூலப் பத்திரமும் நகலும்

விஷயத்தைப் புரிந்துகொள்ள ஒரு வீட்டுப் பத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டு வீடுகளில் மூலப் பத்திரம் இரும்புப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். எந்த வேலைக்கும் அதை வெளியே எடுக்க மாட்டார்கள், நகல் எடுத்துத்தான் கொடுத்துவிடுவார்கள். செல்லுக்குள்ளும் இதே ஏற்பாடுதான். டி.என்.ஏ. மூலப் பத்திரம். அதிலிருந்து எடுக்கும் நகல்தான் ஆர்.என்.ஏ. அந்த நகலைப் படித்துத்தான் செல் தனக்கு வேண்டிய புரதத்தைத் தயாரிக்கிறது. நகல் கிழிந்துபோனால் மூலப் பத்திரம் அப்படியே இருந்தாலும் வேலை நடக்காது.

நகலைக் கிழிக்கும் ஆள் செல்லுக்குள்ளேயே இருக்கிறார். சாதாரண நகல் ஒற்றை இழையாக இருக்கும். பல வைரஸ்கள் பெருகும்போது இரட்டை இழை ஆர்.என்.ஏ. உண்டாகும். செடி அதைப் பார்த்ததும் 'களவாணி வந்துவிட்டான்' என்று உஷாராகிவிடும். உடனே ஒரு நொதி அந்த இரட்டை இழையை 21 முதல் 24 எழுத்து நீளமுள்ள துண்டுகளாக நறுக்கும். அந்தத் துண்டுகளை அடையாளச் சீட்டாக வைத்துக்கொண்டு, அதே எழுத்து வரிசை உள்ள நகல்களைச் செல் தேடிப்பிடித்து வெட்டும். செடிக்கு இயற்கையிலேயே அமைந்த வைரஸ் தடுப்பு இது. நாம் செய்வதெல்லாம், எந்த நகலைக் கிழிக்க வேண்டுமோ அதன் எழுத்து வரிசையில் இரட்டை இழை ஆர்.என்.ஏ. தயாரித்து வெளியிலிருந்து கொடுப்பதுதான்.

இது பிடிபட்ட கதை சுவையானது. 1990ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஜோர்கன்சன் குழுவினர் பெட்டூனியா பூவின் ஊதா நிறத்தை இன்னும் அடர்த்தியாக்க நினைத்தார்கள். நிறத்துக்கான மரபணுவைக் கூடுதலாகச் செலுத்தினார்கள். பூ கருஊதாவாக வரும் என்று பார்த்தால் பல செடிகளில் வெள்ளையாகப் பூத்தது. கூடுதலாகப் போன மரபணு ஏற்கெனவே இருந்ததையும் சேர்த்து அணைத்துவிட்டது. ஏன் என்பது அப்போது யாருக்கும் புரியவில்லை. 1998இல் ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ இருவரும் ஒரு சின்னஞ்சிறு புழுவில் சோதனை செய்து, இரட்டை இழை ஆர்.என்.ஏ.தான் காரணம் என்று காட்டினார்கள். 2006இல் அவர்களுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மதுரையில் நடந்தது

சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரங்களில் உளுந்து போட்டவர்களுக்கு மஞ்சள் தேமலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விதைத்து மூன்று நான்கு வாரத்தில் கொழுந்து இலையில் மஞ்சள் புள்ளி தோன்றும். பத்து நாளில் முழு இலையும் மஞ்சளாகும். அப்புறம் அந்தச் செடியில் காய் பிடிப்பது அரிது, பிடித்தாலும் சூம்பிப்போன காய்தான். நோயைக் கொண்டுவருவது வைரஸ், அதைச் செடிக்குச் செடி சுமந்து செல்வது வெள்ளை ஈ. மத்திய அரசு 2025-26 பருவத்துக்கு உளுந்துக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். ஏக்கருக்கு மூன்று குவிண்டால் வரவேண்டிய வயலில் தேமலால் பாதி போனால் 11,700 ரூபாய் போயிற்று. மானாவாரியாகக் கண்மாய்த் தண்ணீரை நம்பிப் பயிர் செய்கிறவருக்கு அந்தப் பருவத்தின் லாபமே அவ்வளவுதான். இவ்வளவு உளுந்து சாப்பிடும் நாடு பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக உளுந்து வாங்குகிறது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

இந்த வைரஸைப் பற்றி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கே. வேலுத்தம்பியின் ஆய்வகம் நெடுங்காலம் வேலை செய்தது. அவரும் பி.வி. சிவபிரசாத்தும் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இருந்த மிகைல் பூகின், தாமஸ் ஹோன் ஆகியோருடன் சேர்ந்து 2003இல் 'நேச்சர் பயோடெக்னாலஜி' இதழில் இரண்டு பக்க ஆய்வுக் குறிப்பு ஒன்றை வெளியிட்டார்கள். உளுந்து மஞ்சள் தேமல் வைரஸின் மரபணுக்களை முடுக்கும் பகுதியை, நம் மோட்டார் சுவிட்சு போன்ற ஒரு பகுதியை, அவர்கள் குறிவைத்தார்கள். அதன் எழுத்து வரிசையில் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை உண்டாக்கும் டி.என்.ஏ.வை நுண்ணிய உலோகத் துகளில் பூசி, துப்பாக்கி போன்ற கருவியால் உளுந்து இலைக்குள் செலுத்தினார்கள். வைரஸ் ஏற்றப்பட்ட செடிகள் நோயிலிருந்து மீண்டன. செடியின் மரபணுவை மாற்றி, அதிலிருந்து விதை எடுத்து, புதுரகம் உருவாக்காமலேயே, நட்ட செடிக்கு வைத்தியம் பார்க்க முடியும் என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. உளுந்து விவசாயி கையில் இன்னும் ஒன்றும் வந்து சேரவில்லை. உலகத்தில் முதலில் பெரிய அளவில் கடைக்கு வந்த தெளிப்பு அமெரிக்க உருளைக்கிழங்கு வண்டுக்கானது. இதைப் படித்ததும் 'நம் விஞ்ஞானிகள் தூங்கிவிட்டார்கள்' என்று சொல்வது சுலபம். பாதி மட்டுமே நியாயமான குற்றச்சாட்டு அது. மீதிப் பாதிக்குக் காரணம் உளுந்து இலையும் வெள்ளை ஈயும்தான்.

துப்பாக்கியிலிருந்து கைத்தெளிப்பானுக்கு

ஆய்வகத்தில் ஒரு இலைக்குத் துப்பாக்கி வைக்கலாம். ஏக்கரில் உள்ள லட்சக்கணக்கான செடிக்கு வைக்க முடியாது. தோளில் தூக்கும் டேங்கில் கலந்து அடிக்க முடிந்தால்தான் விவசாயிக்குப் பயன். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

இலையின் மேல் மெழுகுப் படலம் இருக்கிறது. அதைத் தாண்டினால் செல் சுவர். அதையும் தாண்டி ஆர்.என்.ஏ. போன்ற பெரிய மூலக்கூறு உள்ளே போவது அபூர்வம். ஜெர்மனியில் 2016இல் வெளியான ஓர் ஆய்வில், செடியின் ஒரு மரபணுவை வெளியிலிருந்து தெளித்த ஆர்.என்.ஏ.வால் அணைத்துக் காட்டினார்கள். ஆனால் சாதாரணமாகத் தெளித்துப் பயனில்லை, அதிக அழுத்தத்தில் பீய்ச்சி அடித்தால்தான் உள்ளே போனது. மான்சாண்டோ நிறுவனம் இதே வழியில் களையை மடக்கப் பார்த்தது. நம் தண்டுக்கீரைக்குச் சொந்தக்காரக் களை ஒன்று அமெரிக்காவில் கிளைபோசேட்டுக்கு அசையாமல் நின்றது. களைக்கு அந்தத் தாங்குதிறனைக் கொடுத்த மரபணுவை ஆர்.என்.ஏ. தெளித்து அணைத்துவிட்டால் பழைய களைக்கொல்லி மறுபடி வேலை செய்யும் என்பது கணக்கு. பல ஆண்டுகள் பணம் போட்டும் அந்த மருந்து சந்தைக்கு வரவில்லை. மான்சாண்டோவை வாங்கிய பேயர், இலைத் தெளிப்பு ஆர்.என்.ஏ. தொடர்பான சொத்துகளை 2020 இறுதியில் கிரீன்லைட்டிடம் கொடுத்துவிட்டது. செடியின் சொந்த மரபணுவை வெறும் தெளிப்பால் அணைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பெரிய கம்பெனியே கைவிட்டதை யாராவது 200 மில்லி பாட்டிலில் சாதித்திருப்பதாகச் சொன்னால், கொஞ்சம் யோசியுங்கள்.

கொலராடோ வண்டுக்கு மட்டும் எப்படிப் பலித்தது? வண்டு இலையைத் தின்கிறது. ஆர்.என்.ஏ. செடிக்குள் போகவே தேவையில்லை, இலைமேல் ஒட்டியிருந்தால் போதும். வண்டின் குடலும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். எல்லாப் பூச்சிக்கும் அந்தக் குடல் கிடையாது. நெல்லில் இலைச்சுருட்டுப்புழு, தண்டுத்துளைப்பான், பயறில் காய்த்துளைப்பான் என்று நம்மை வாட்டுகிற அந்துப்பூச்சி இனத்துப் புழுக்களின் குடலில் ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகள் அதிகம். அவற்றில் இந்த முறை சரியாக எடுபடுவதில்லை. எனவே 'எல்லாப் புழுவுக்கும் ஆர்.என்.ஏ.' என்று விளம்பரம் கண்டால் அந்த இடத்திலேயே ஒதுக்கிவிடலாம்.

வெள்ளை ஈ இன்னொரு ரகம். அது இலையைக் கடிக்காது. ஊசி போன்ற வாயை இலைக்குள் இறக்கிச் சாற்றுக் குழாயிலிருந்து உறிஞ்சும். இலைமேல் என்ன தெளித்திருந்தாலும் அதன் வாயில் படாது. வைரஸும் அதே ஊசி வழியாக நேராகச் சாற்றுக் குழாய்க்குள் இறங்குகிறது. ஆக, மஞ்சள் தேமலை அடக்க நாம் தெளிக்கும் ஆர்.என்.ஏ. மெழுகைத் தாண்டி, செல்லைத் தாண்டி, சாற்றுக் குழாய் வரை போயாக வேண்டும். வெயிலும் மழையும் இலைமேலுள்ள நொதிகளும் அதைச் சில நாளிலேயே சிதைத்துவிடும். புரட்டாசி, ஐப்பசி மழையில் தெளித்ததன் கதி என்ன என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

களிமண் தட்டு

இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி ஆஸ்திரேலியாவில் கிடைத்தது. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் நீனா மிட்டர் தலைமையிலான குழு, ஆர்.என்.ஏ.வை மிக நுண்ணிய களிமண் தட்டுகளில் ஏற்றித் தெளித்தது. 'பயோகிளே' என்று பெயர் வைத்தார்கள். கண்மாய்க் கரம்பை என்று நினைக்க வேண்டாம், ஆய்வகத்தில் தயாரிக்கும் அடுக்குத் தாது இது. இலையில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீரில் எளிதில் கழுவிப் போகாது, காற்றிலுள்ள கரியமில வாயுவும் ஈரமும் பட்டு மெல்ல மெல்லச் சிதைந்து ஆர்.என்.ஏ.வை விட்டுக்கொடுக்கும். 2017இல் 'நேச்சர் பிளான்ட்ஸ்' இதழில் வந்த அவர்கள் ஆய்வில், ஒருமுறை தெளித்து 20 நாள் கழித்து வைரஸை ஏற்றியபோதும் செடிகளுக்குப் பாதுகாப்பு இருந்தது. சோதித்த செடிகளில் உளுந்துக்குப் பங்காளியான தட்டைப்பயறும் ஒன்று. 2022இல் அதே வழியாரின் இன்னொரு ஆய்வு, களிமண்ணில் ஏற்றித் தெளித்த ஆர்.என்.ஏ. இலைக்குள் இறங்கி, சாறு உறிஞ்சும் வெள்ளை ஈயின் வயிற்றுக்குப் போய் அதைக் கொல்கிறது என்று காட்டியது. அங்கே பரிசோதித்த பெமிசியா டபாசி என்ற வெள்ளை ஈதான் நம் உளுந்தில் தேமல் பரப்புவதும்.

லக்னோவிலுள்ள தேசிய தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனமும் இதே வெள்ளை ஈக்கு வாய் வழியாக ஆர்.என்.ஏ. கொடுத்து மடியச் செய்ததை 2011லேயே வெளியிட்டிருக்கிறது. ஆக, நம் நாட்டில் அறிவு இல்லாமல் இல்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 2017 ஆய்வில் பார்த்த வைரஸ்கள் ஆர்.என்.ஏ. வகை. அவற்றைக் கையால் இலைமேல் தேய்த்து ஏற்றினார்கள். மஞ்சள் தேமல் வைரஸ் டி.என்.ஏ. வகை, ஈ ஊசி போடுகிறது. அங்கே பலித்தது இங்கே அப்படியே பலிக்கும் என்று சொல்ல முடியாது. வயலில், நம் வெயிலில், நம் உளுந்தில் சோதித்தால்தான் தெரியும். அந்தச் சோதனைக்கு நம் பக்கத்து புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. தேசிய பயறு ஆராய்ச்சி மையம் அங்கே இருக்கிறது, தேமலும் அங்கே தாராளமாக வரும். செட்டிநாட்டிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மதுரையில் வேர் விட்ட அறிவு, வம்பனில் வயல், செட்டிநாட்டில் மானாவாரி நிலம். மூன்றையும் ஒரே திட்டத்தில் கட்டவேண்டும் என்று கேட்பது விவசாயிகளின் உரிமை. உளுந்து, தட்டை போன்ற பயிருக்குப் பெரிய கம்பெனி முதல் போடாது. மானாவாரி விவசாயி மருந்துக்கு அதிகம் செலவழிக்க மாட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும். இந்த வேலையை அரசு நிறுவனம் செய்யாவிட்டால் வேறு யாரும் செய்யப் போவதில்லை என்பது என் கணிப்பு.

விலைக் கணக்கு

2008 வாக்கில் ஒரு கிராம் இரட்டை இழை ஆர்.என்.ஏ. தயாரிக்க 12,500 டாலர் ஆனது. இப்போது நுண்ணுயிர்களைக் கொண்டும், செல்லே இல்லாத தொட்டி முறையிலும் தயாரிப்பதால் ஒன்றிரண்டு டாலருக்கு வந்துவிட்டது. உருளைக்கிழங்கு வண்டுக்கு ஏக்கருக்குச் சுமார் 4 கிராம் போதும் என்கிறார்கள். அப்படியென்றால் மூலப்பொருள் செலவு ஒரு தெளிப்புக்கு நம் பணத்தில் 350 முதல் 700 ரூபாய் வரை. இதன்மேல் களிமண், பாட்டில், போக்குவரத்து, கம்பெனி லாபம், கடைக்காரர் கமிஷன் ஏறும். வைரஸுக்கு அளவு கூடுதலாகத் தேவைப்படலாம், தெளிப்பும் இரண்டு மூன்று தடவை ஆகலாம். தோட்டக்கால் மிளகாய்க்கோ தக்காளிக்கோ கட்டுப்படியாகலாம். மானாவாரி உளுந்துக்கு இன்றைய நிலையில் கட்டாது. விலை இறங்கிய வேகத்தைப் பார்த்தால் நாளை கட்டலாம்.

பாதுகாப்பா, எதிர்ப்புத் திறனா?

'ஜீன்' என்றதும் பயப்படுகிறவர்களுக்கு ஒரு சமாதானம். நாம் தினம் சாப்பிடும் சோறு, கீரை, மீன் எல்லாவற்றிலும் ஆர்.என்.ஏ. இருக்கிறது. வயிற்றில் செரித்துப்போகும். மண்ணிலும் ஓரிரு நாளில் பெரும்பகுதி சிதைந்துவிடும் என்று மக்காச்சோள வேர்ப்புழுவுக்கான ஆர்.என்.ஏ.வைப் பரிசோதித்தவர்கள் கண்டார்கள். மோனோகுரோட்டோபாஸ் அடித்துவிட்டு மயங்கி விழுந்த கதையெல்லாம் இதில் நேராது.

ஆனால் 'எந்தக் கெடுதலும் இல்லை' என்றும் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. எழுத்து வரிசை ஒத்துப்போனால் அதே நகலை வேறு உயிரிலும் வெட்டும். வண்டுக்கான ஆர்.என்.ஏ., அசுவினியைத் தின்று நமக்கு உதவும் பொறிவண்டில் படாது என்று முன்கூட்டியே சோதித்து நிரூபிக்க வேண்டும், ஏனென்றால் பொறிவண்டும் வண்டினம்தான். தேனீயிலும் அப்படியே. அமெரிக்காவில்கூட லெட்ப்ரோனாவுக்கு மூன்று ஆண்டுக்கு மட்டுமே பதிவு கொடுத்தார்கள், நிரந்தரமாகக் கொடுக்கவில்லை. களிமண், ஒட்டும் திரவம் போன்ற கூட்டுப்பொருட்களுக்குத் தனியாகப் பாதுகாப்புச் சோதனை வேண்டும்.

எழுத்து வரிசை ஒத்துப்போனால்தான் வேலை என்பதற்கு மறுபக்கமும் உண்டு. தென்னையில் 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் தென்பட்டு நம் ஊர் வரை பரவிய சுருள் வெள்ளை ஈ வேறு இனம். உளுந்து வெள்ளை ஈக்குத் தயாரித்த ஆர்.என்.ஏ. அதற்கும் கேட்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு மருந்து, எல்லாப் பூச்சிக்கும் என்ற பழக்கம் இங்கே செல்லுபடியாகாது.

பூச்சி பழகிக்கொள்ளுமா என்று கேட்பீர்கள். பழகும். அமெரிக்காவில் ஆய்வகத்தில் கொலராடோ வண்டை ஒன்பது தடவை தொடர்ந்து ஆர்.என்.ஏ.வுக்கு உட்படுத்தித் தப்பியவற்றை மட்டும் பெருக்கியபோது, 11,000 மடங்குக்கும் மேல் தாங்குதிறன் வந்துவிட்டதாக 2021இல் வெளியிட்டார்கள். அதுவும் ஒரு ஆர்.என்.ஏ.வுக்குப் பழகிய வண்டு வேறு எழுத்து வரிசை கொண்ட ஆர்.என்.ஏ.வையும் தாங்கியது. பருத்தியில் பி.டி.க்கு இளஞ்சிவப்புக் காய்ப்புழு பழகிப்போனதைக் கண்டவர்களுக்கு இது ஆச்சரியமில்லை. புது மருந்து வந்த வேகத்தில் வாராவாரம் அதையே அடித்தால் இதற்கும் அதே கதிதான்.

சட்டத்தில் எந்தக் கதவு?

பி.டி. பருத்தி 2002இல் வந்தது. பி.டி. கத்தரிக்கு 2010இல் தடை போட்டார்கள். 2025 மே மாதம் 'டி.ஆர்.ஆர். தான் 100', 'பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1' என்ற இரண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்களை மத்திய அரசு அறிவித்தது. இவையெல்லாம் விதையில் நடக்கும் மாற்றம். ஆர்.என்.ஏ. தெளிப்பு விதையைத் தொடுவதில்லை. தெளித்த வயலின் உளுந்தை அடுத்த பட்டத்துக்கு விதையாக எடுத்து வைத்தால் அது பழைய உளுந்துதான். வித்தியாசம் புரியாமல் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஆதரிப்பதும் எதிர்ப்பதும் வீண் சண்டை.

நியூசிலாந்து 2018இலும் ஆஸ்திரேலியா 2019இலும், வெளியிலிருந்து ஆர்.என்.ஏ. தெளிப்பதை மரபணு மாற்றச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டியதில்லை என்று முடிவெடுத்தன. அதற்கு அங்கேயே எதிர்ப்பும் வந்தது. சில வகை ஆர்.என்.ஏ. மூலப் பத்திரத்தின்மீதே வேதிக் குறி போட்டுவிடும், அது அடுத்த தலைமுறைக்கும் சில நேரம் தொடரலாம் என்பது எதிர்ப்பவர்களின் வாதம். அந்த வாதம் முழுக்கத் தள்ளிவிடக் கூடியதல்ல. மதுரை ஆய்வில் குறிவைத்ததுகூட மரபணுவை முடுக்கும் சுவிட்சைத்தான். நம் சோதனையில் அது வைரஸின் சுவிட்சு, செடியினுடையது அல்ல என்பதால் கவலை குறைவு. செடியின் சுவிட்சையே குறிவைக்கும் தெளிப்பு வந்தால் இந்தக் கேள்வியை நாமும் கேட்கவேண்டும்.

இந்தியாவில் பூச்சி, நோய்க்கான எந்த மருந்தும் 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி மத்திய பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவுக் குழுவில் பதிவு பெறவேண்டும். இதை எழுதும் வரை ஆர்.என்.ஏ. தெளிப்பு மருந்து எதுவும் அங்கே விற்பனைக்குப் பதிவாகவில்லை. இன்னொரு கதவும் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் 'பயிர் ஊக்கி' என்ற வகையை உரக்கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தார்கள். நோய் தீர்க்கும் என்று வாயால் சொல்லிக்கொண்டு, லேபிளில் பயிர் ஊக்கி என்று போட்டு விற்பதற்கு அந்தக் கதவு இடம்கொடுக்கக் கூடாது. கடையில் 'ஆர்.என்.ஏ. வைரஸ் கில்லர்' என்று எதையாவது நீட்டினால் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். பூச்சிக்கொல்லிச் சட்டப் பதிவு எண், நஞ்சின் அளவைக் காட்டும் வண்ணக் குறி, தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி இருக்கிறதா என்று பார்த்து, ரசீது கேளுங்கள். ரசீது தர மறுத்தால் வாங்காதீர்கள். வாங்கி ஏமாந்தவர்கள் பாட்டிலையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுக்கலாம். மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். வம்பனில் உளுந்துக்கான ஆர்.என்.ஏ. சோதனை வேண்டும் என்ற கோரிக்கையையும் அதே கூட்டத்தில் வைக்கலாம், தப்பில்லை.

இந்தப் பட்டத்துக்கு

புது மருந்து வரும்வரை தேமல் காத்திருக்காது. விதையிலேயே பாதி வேலை முடிகிறது. வம்பன் 8, வம்பன் 10, வம்பன் 11 போன்ற தேமலைத் தாங்கும் ரகங்களை வேளாண்மை விரிவாக்க மையத்திலோ வம்பனிலோ கேட்டு வாங்குங்கள். எதிர்ப்புத் திறன் வருடம் போகப்போகத் தளர்வது உண்டு, பத்து வருடமாகக் கையிலிருக்கும் பழைய விதையை நம்பி உட்கார வேண்டாம். ஏக்கருக்கு 8 கிலோ விதை. கிலோவுக்கு 5 மில்லி இமிடாகுளோபிரிட் 600 எஃப்.எஸ். கலந்து நிழலில் உலர்த்தி, விதைப்பதற்குச் சற்று முன் ரைசோபியம் கலந்தால் முதல் மூன்று வாரம் வெள்ளை ஈ நெருங்குவது குறையும். மருந்தையும் ரைசோபியத்தையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது, உயிர் உரம் செத்துவிடும்.

வயல் ஓரத்தில் இரண்டு வரிசை மக்காச்சோளமோ சோளமோ போட்டால் ஈ உள்ளே நுழைவது தடைப்படும். ஏக்கருக்கு ஐந்து மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள். அதில் ஈ எத்தனை விழுகிறது என்று வாரம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள், அதுதான் தெளிக்கலாமா வேண்டாமா என்று உங்களுக்குச் சொல்லும். முதல் ஒரு மாதத்துக்குள் மஞ்சளாகத் தெரியும் செடியை ஈவு இரக்கம் பார்க்காமல் பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். பத்துச் செடியைப் பிடுங்கக் கை வராதவர் பத்துச் சென்ட்டை இழப்பார். 30ஆம் நாள் வாக்கில் 10 சதவீத நொச்சி இலைச் சாறு தெளிக்கலாம். வேப்பெண்ணெய் சார்ந்த மருந்தானால் லிட்டருக்கு 3 மில்லி. அதற்கும் அடங்காமல் ஈ அதிகமாக இருந்தால் மட்டும் ரசாயன மருந்து, அதுவும் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலோ உங்கள் உதவி வேளாண்மை அலுவலரிடமோ கேட்டுத்தான். ஒரே மருந்தை இரண்டாவது தடவை அடிக்காமல் மாற்றி அடியுங்கள்.